பட்டியலில் இல்லாத பத்தாவது பாட்டு

போன வாரம் செல்வாவிடமிருந்து செல்போனில் ஒரு குரல் செய்தி வந்தது. செல்வா என்னோடு எட்டு வருடம் கிடார் வகுப்பு எடுத்தவன். இப்போது சொந்தமாக வகுப்பு நடத்துகிறான், வீடியோவும் போடுகிறான். "அண்ணே, புதுசா கிடார் வாங்குனவங்களுக்கு ஈசியா ஒரு பத்துப் பாட்டு சொல்லுங்கண்ணே. உங்க பேரைச் சொல்லியே வீடியோ விடுறேன். பத்தே பத்துதாண்ணே, சட்டுனு அனுப்பிவிடுங்க" என்றான்.

எனக்குச் சட்டென்று எதுவும் வருவதில்லை இப்போது. முப்பத்தொரு வருடம் கிடார் சொல்லிக்கொடுத்து ஓய்ந்தவன் நான். இடது கைக் கட்டைவிரல் மூட்டு தேய்ந்துபோய், போன வருடம் நிறுத்திக்கொண்டேன். விளாங்குடி வீட்டில் காலையில் டீயும் மாத்திரையும், மாலையில் மாத்திரையும் டீயும் என்று பொழுது போகிறது. பத்துப் பாட்டு எழுத அரை மணி நேரம் போதும். ஆனால் பேனாவை எடுத்து மூன்று நாள் ஆகிவிட்டது. ஈசி என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு அலுப்பு வருகிறது.

மெதுவான பாட்டுதான் எளிதான பாட்டு என்று வெளியாட்கள் நினைக்கிறார்கள். மெதுவான பாட்டில் தப்பு பளிச்சென்று தெரியும். நாங்கள் பார்ப்பது வேறு. பாட்டில் இரண்டு அல்லது மூன்று கார்டுதான் இருக்க வேண்டும். கார்டு என்றால் இரண்டு மூன்று விரல்களால் கம்பிகளை ஒரே நேரத்தில் அழுத்திக்கொண்டு, வலது கையால் மொத்தமாக மீட்டுவது. ஒரு கார்டிலிருந்து அடுத்த கார்டுக்கு விரல் தாவும் வரை பாட்டு பொறுத்திருக்க வேண்டும். தாளத்தில் நான்கு தட்டுக்கு ஒருமுறை கார்டு மாறினால் புதிதாகப் படிக்கிறவர் பிழைத்துக்கொள்வார். இரண்டு தட்டுக்கு ஒருமுறை மாறினால் மறுவாரமே கிடார் கட்டிலுக்கு அடியில் போய்விடும். எல்லாவற்றுக்கும் மேலாக, பாட்டு அவருக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும்.

ஆனால் ஆசைப்பட்டுக் கேட்டு வருகிற பாட்டு ஒருநாளும் எளிதாக இருக்காது. ஒரு வங்கி மேலாளர் மனைவியின் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு வாசிக்க ஒரு காதல் பாட்டைக் கொண்டுவந்தார். ஒரே விரலால் ஆறு கம்பியையும் அழுத்திக்கொண்டு மற்ற விரல்களையும் வளைத்துப் பிடிக்கிற கார்டு அதில் பாதிக்குப் பாதி. மூன்றாம் வாரம் என் காதருகே குனிந்து, "சார், அந்தக் கார்டை விட்டுட்டு வாசிச்சா எம்புட்டுத் தெரியும்?" என்று கேட்டார். உங்கள் வீட்டம்மாவுக்குத் தெரியாது என்றேன். மனிதர் சந்தோஷமாகப் போனார். இப்படி ஒளித்தும் மறைத்தும் எளிதாக்கிக் கொடுப்பதில் நான் கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்திருந்தேன்.

நான் கிடார் கற்ற கதை சின்னது. அப்பா சோழவந்தான் பக்கம் கொடிக்காலில் கூலிக்கு வெற்றிலை கிள்ளினார். நான் மதுரைக்கு வந்து ஒரு மெல்லிசைக் குழுவில் ஒலிபெருக்கிப் பெட்டி தூக்கினேன். மேடை ஓரத்தில் நின்று கிடார் வாசிப்பவரின் இடது கையை இரண்டு வருடம் விடாமல் பார்த்தேன். அவருக்கு மஞ்சள் காமாலை வந்த வாரம் நான் வாசித்தேன். திருவிழாக் கச்சேரிகள் குறைந்ததும் ஆரோக்கியம் மாஸ்டரிடம் வகுப்பெடுக்கச் சேர்ந்தேன்.

மாஸ்டரின் வகுப்பு சிம்மக்கல் பக்கம் ஒரு பாத்திரக்கடை மாடியில் நடந்தது. இரண்டு அறை, பதினான்கு கிடார், சத்தம் போடும் இரண்டு மின்விசிறி. மாஸ்டர் ஒல்லியான மனிதர், எப்போதும் வெள்ளை அரைக்கைச் சட்டை. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. யாராவது வாசிக்கும்போது அவர்கள் கையைப் பார்க்க மாட்டார், ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். சரியாக இருந்தால் "ம்." சரியில்லை என்றால் "மறுபடி." இந்த இரண்டு சொல்லை வைத்தே ஒரு மணி நேர வகுப்பை முடித்துவிடுவார்.

அவரிடம் ஒரு நோட்டு இருந்தது. பச்சை மையில் பதினோரு பாட்டு, எளிதிலிருந்து கடினம் வரை வரிசையாக. முதல் பக்கத்தில் மட்டும் பாட்டு கிடையாது, ஆறு கம்பிகளின் சுருதி எழுதியிருக்கும். மாஸ்டர் வகுப்புக்குக் கால் மணி முன்னதாகவே வந்து, பதினான்கு கிடாரிலும் கம்பியை முறுக்குகிற கீயை ஒவ்வொன்றாகத் திருகிச் சுருதியைக் கெடுத்து வைப்பார். கெடுத்து முடித்ததும் பழைய பனியன் துணியால் கம்பிகளைத் துடைத்துச் சுவரில் மாட்டுவார். வருகிறவர்கள் தங்கள் கிடாரைத் தாங்களே சுருதி சேர்த்த பிறகுதான் பாட்டு. ஒரு மாணவியின் அப்பா, "இதுலயே பத்து நிமிஷம் வீணாப் போகுதே மாஸ்டர்" என்று சண்டைக்கு வந்தார்.

"உங்க பிள்ளை வேற எடத்துல வாசிக்கும்போது நான் வந்து சேத்துக் குடுக்க முடியாதுல்லங்க" என்றார் மாஸ்டர், ஜன்னலைப் பார்த்தபடி.

நான் அப்போது இதைக் கிழட்டுப் பிடிவாதம் என்று நினைத்தேன். வெளியிலும் சொல்லியிருக்கிறேன்.

துளசிராம் வந்தது ஒரு திங்கட்கிழமை மதியம். ஐம்பத்திரண்டு வயது. வீட்டில் சௌராஷ்டிர மொழி பேசுகிற நெசவுக் குடும்பம், முப்பது வருடம் தறியில் உட்கார்ந்தவர். இடையில் இரண்டு வருடம் விசைத்தறி வேலைக்குப் போன இடத்தில் இடது கை அடிபட்டு, கடைசி இரண்டு விரல்களும் மடங்காமல் நின்றுவிட்டன. கடைக்காரர் ஒட்டிய சீட்டைக்கூட உரிக்காத புதுக் கிடாரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"மகளுக்கு நாலு மாசத்துல கல்யாணம் மாஸ்டர். வரவேற்புல ஒரே ஒரு பாட்டு வாசிக்கணும். அது மட்டும் வந்தாப் போதும்."

அவர் சொன்னது ஒரு பழைய சினிமாத் தாலாட்டு. "தறிக்குப் பக்கத்துலதான் தொட்டில் கட்டியிருந்தோம். மிதிச்சுக்கிட்டே இதைப் பாடுவேன், பாடுனாத்தான் ஹேமா தூங்கும். இப்பக் கட்டிக்கிட்டு சேலம் போகுது. அதுக்குக் கிடார்ச் சத்தம்னா உசுரு. போறதுக்கு முன்னாடி ஒருவாட்டி வாசிச்சுக் காட்டிரணும்" என்றார்.

அந்தத் தாலாட்டு மாஸ்டரின் நோட்டில் இரண்டாவது பாட்டு. மூன்றே கார்டு, எட்டுத் தட்டுக்கு ஒருமுறைதான் மாறும். நோட்டிலேயே மிக எளிதான பாட்டு என்று நான் அதைச் சொல்வேன்.

மாஸ்டர் அவர் கையை வாங்கிப் பார்த்தார். அந்த இரண்டு விரல்களையும் மெல்லத் தள்ளிப் பார்த்தார். "கீபோர்டு படிங்க. நாலு மாசத்துல வந்துரும்" என்றார். துளசிராம் கிடாரை விடவில்லை. மாஸ்டர் என்னைப் படிக்கட்டுப் பக்கம் கூட்டிப்போனார்.

"முருகேசா, ஆசை காட்டாத. கையைப் பாத்தியா?"

"பாத்தேன் மாஸ்டர். நான் பாத்துக்கறேன், விடுங்க" என்றேன்.

திங்கள், வியாழன் மதியங்களில் மற்றவர்கள் இல்லாத நேரமாக அவரை வரச் சொன்னேன். முதல் கார்டு இரண்டு விரலில் ஒருவாறு வந்தது. இரண்டாவதற்கு மூன்றாம் விரல் வேண்டும், அது குச்சியாக நீட்டிக்கொண்டு பக்கத்துக் கம்பியை இடிக்கும். கம்பியை மெலிதாக மாற்றினேன், உயரத்தைக் குறைத்தேன், மூன்று கம்பியை மட்டும் மீட்டச் சொன்னேன். ஐந்து வாரம் ஓடியது. அவர் சட்டை முதுகு நனைந்துவிடும். ஒரு வார்த்தை அலுத்துக்கொள்ள மாட்டார். எனக்குத்தான் ஒவ்வொரு திங்களும் காலையிலேயே தலை வலித்தது.

ஆறாவது வாரம் நான் ஒரு காரியம் செய்தேன். கிடாரில் மூன்று கம்பிகளை வழக்கமான சுருதியிலிருந்து ஒரு படி இறக்கினால், எதையும் அழுத்தாமல் மீட்டினாலே ஒரு முழுக் கார்டு ஒலிக்கும். ஆள்காட்டி விரலைக் கிடார்க் கழுத்தின் ஐந்தாம் கட்டத்தில் குறுக்கே படுக்க வைத்தால் இரண்டாவது கார்டு, ஏழாம் கட்டத்தில் வைத்தால் மூன்றாவது. தாலாட்டு முடிந்தது. உலகத்தில் எத்தனையோ பேர் இப்படி மாற்றி வைத்து வாசிக்கிறார்கள், இதில் ரகசியம் ஒன்றும் இல்லை. துளசிராம் வருவதற்கு முன்னால் இறக்கி வைக்க வழியில்லை, கிடார் அவரிடம் இருந்தது. அவர் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் இறக்கினேன்.

"கார்டைப் பிடிக்க இன்னொரு சுருக்கு வழி இருக்கு. ஒரே விரல்தான்" என்று மட்டும் சொன்னேன்.

அவர் விரலைப் படுக்க வைத்து மீட்டினார். முழுசாக, சுத்தமாக, அறை நிறைய வந்தது. மறுபடி மீட்டினார். கண் கலங்கிவிட்டது. "வந்துருச்சு மாஸ்டர்! எல்லாரும் வாசிக்கிற மாதிரியே வந்துருச்சு!"

கம்பியை மாற்றி வைத்திருக்கிறேன் என்று அந்த நிமிடம் சொல்லியிருக்க வேண்டும். வாய் திறந்தேன். 'எல்லாரும் வாசிக்கிற மாதிரி' என்று அவர் சொன்னதைக் கேட்டதும் மூடிக்கொண்டேன். ஊனத்துக்காக ஒரு சலுகை செய்திருக்கிறேன் என்று சொன்னால் மனிதர் சுருங்கிப்போவார் என்று நானே முடிவு கட்டினேன். "இந்தக் கீயை மட்டும் தொட்டுராதீங்க. கொஞ்சம் முன்னாடி வாங்க, நானே பாத்துத் தாரேன்" என்று சொல்லி வைத்தேன். மாஸ்டரின் நோட்டில் முதல் பக்கம் எதற்கு இருக்கிறதோ, அதை அவருக்கு மட்டும் நான் கிழித்துப் போட்டுவிட்டேன்.

மாஸ்டருக்குக் காது ஏமாறாது. ஒரு வியாழக்கிழமை பக்கத்து அறையிலிருந்து கேட்டுவிட்டு, துளசிராம் படி இறங்கியதும் என்னிடம் வந்தார்.

"கம்பியை இறக்கி வச்சிருக்கியா?"

"ஆமா மாஸ்டர். வேற வழி இல்ல."

"நல்லதுதான். அவர்ட்ட சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன் மாஸ்டர்" என்றேன்.

"ம்" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவரிடம் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஞாபகத்தில் நிற்கிற பொய் அது.

கல்யாண வரவேற்பு ஒரு ஞாயிறு சாயங்காலம். நான் நான்கு மணிக்கே மண்டபத்துக்குப் போய், பின்னறையில் வைத்துக் கம்பிகளைச் சரிபார்த்து, கிடாரை மேடை ஓரத்தில் சாய்த்து வைத்தேன். துளசிராம் பட்டு வேட்டியில் வியர்த்துக்கொண்டு நின்றார். நெற்றியில் பெரிய நாமம். யாரைப் பார்த்தாலும், "இவருதான் என் கிடார் மாஸ்டர்" என்று என்னை இழுத்துக் காட்டினார். ஆறரை மணிக்கு, பாட்டுக்கு இன்னும் நேரம் இருக்கிறது, முதல் பந்தியிலேயே சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்று என்னைக் கீழே அனுப்பினார். வேண்டாம் என்றேன். "அட, சாப்புடாம நீங்க நின்னா எனக்குக் கை ஓடாது மாஸ்டர்" என்றார். போனேன்.

அந்த நேரத்தில் மேலே நடந்ததைப் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். வரவேற்புக்கு வாசிக்க வந்திருந்த குழுவில் ஒரு கீபோர்டுக்காரர், நல்ல மனிதர். அடுத்து துளசிராம் வாசிக்கப் போகிறார் என்றதும் உதவியாக இருக்கட்டும் என்று கிடாரை எடுத்துப் பார்த்திருக்கிறார். சுருதி பார்க்கிற சின்னக் கருவியைக் கிடார்த் தலையில் மாட்டியிருக்கிறார். "அப்பா, மூணு கம்பி இறங்கிக் கெடக்கே. சேத்துத் தரவா?" என்று கேட்டிருக்கிறார். எங்கள் தொழிலில் இதைவிடச் சாதாரணமான மரியாதை கிடையாது. துளசிராம் கீழே பந்தியில் இருக்கிற என்னை நினைத்துக்கொண்டு, மாஸ்டர் செய்வதைத்தானே இவரும் செய்கிறார் என்று, "செய்யிங்க தம்பி, நல்லாருப்பீங்க" என்று சொல்லியிருக்கிறார்.

எனக்கு இலையில் ரசம் விட்டார்கள். கை சோற்றில் இருந்தது. மேலே ஒலிபெருக்கியில் துளசிராமின் குரல், "இது என் பாப்பாவுக்காக" என்றது. கைதட்டினார்கள். முதல் மீட்டு விழுந்தது.

அந்தச் சத்தத்தை எழுத்தில் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஒன்றோடு ஒன்று சேராத ஆறு கம்பிகள். எனக்கு நொடியில் புரிந்துவிட்டது. எச்சில் கையோடு எழுந்து படியில் ஓடினேன். இரண்டாவது கார்டுக்கு அவர் விரல் போய்விட்டது, அதுவும் அப்படியே. மூன்றாவதும். நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். விரலைப் பார்த்தார், கம்பியைப் பார்த்தார். முன்வரிசையில் யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினார்கள். நான் கதவருகே போய்ச் சேர்ந்தபோது அவர் கிடாரை நாற்காலியில் வைத்துவிட்டு, "மன்னிச்சுக்கங்க, கை வரல" என்று மைக்கில் சொன்னார்.

கை வரல. அந்தக் கையின் மேல் பழியைப் போட்டுக்கொண்டார்.

ஹேமா மேடையிலிருந்து எழுந்து வந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். குழுவினர் சட்டென்று ஒரு குத்துப்பாட்டை எடுத்து நிலைமையைச் சமாளித்தார்கள். நான் கை கழுவினேன். துளசிராமின் முகத்தைப் பார்க்காமல் பின்வாசல் வழியாக வெளியேறி, சிம்மக்கல் வரைக்கும் நடந்தே வந்தேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் செய்தேன்.

மறுநாள் மாஸ்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். கையில் இருந்த பனியன் துணியை மடித்தார். "சொல்லிட்டேன்னு சொன்னியேப்பா" என்றார். அதற்குப் பிறகு சாகும் வரை அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை மதியம், வழக்கமான நேரத்துக்குத் துளசிராம் வந்தார். கிடாரும் இருந்தது. உட்கார்ந்ததும் கேட்டார்.

"கீபோர்டு தம்பி சொல்லுச்சு, கம்பி மூணும் இறங்கி இருந்துச்சுன்னு. நீங்க இறக்கி வச்சதா, தானா இறங்குனதா மாஸ்டர்?"

"நான்தான்" என்றேன். "உங்க கைக்காக மாத்தி வச்சேன். சொன்னா மனசு சங்கடப்படுவீங்கன்னு சொல்லல."

அவர் உறையைத் திறந்து கிடாரை வெளியே எடுத்தார். பிறகு கோபமே இல்லாமல், எனக்கு ஏதோ விளங்க வைக்கிற மாதிரி சொன்னார்: "எங்க குழித்தறியில மிதியை அவங்கவங்க காலுக்குத் தக்கன ஏத்தி இறக்கித்தான் கட்டுவோம். என் தறியில எங்க அண்ணன் உக்காந்தா அவருக்கு ஓடாது. அதுக்காக அவர் நெய்யிறது சேலை இல்லைன்னு ஆயிருமா? இதுல சங்கடப்பட என்ன இருக்கு?"

கம்பிகளின் மேல் விரலை ஓட்டினார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா, அந்தத் தம்பிட்ட நானே சொல்லிருப்பேன். தொடாதீங்க, இது என் கைக்குக் கட்டுனதுன்னு. பெருமையாச் சொல்லிருப்பேன் மாஸ்டர்."

அன்றைக்கு அவருக்கு முதல் பக்கத்தைச் சொல்லிக்கொடுத்தேன். வழக்கமான சுருதி எது, எந்த மூன்று கம்பியை எவ்வளவு இறக்க வேண்டும், எந்தக் கம்பியோடு எதை ஒத்துப் பார்க்க வேண்டும் என்று எல்லாவற்றையும். மற்றவர்களுக்கு ஒரு மாதம் எடுக்கிற பாடம். தறியில் நீளவாக்கில் கட்டிய பாவு நூலின் விறைப்பைத் தடவியே கண்டுபிடிக்கிற விரல்கள் அவருடையவை. முக்கால் மணி நேரத்தில் பிடித்துக்கொண்டார். தானே கலைத்தார், தானே சேர்த்தார். பிறகு அந்தத் தாலாட்டை முதலிலிருந்து கடைசி வரை வாசித்தார். ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. ஜன்னலருகே மாஸ்டர் நின்றுகொண்டிருந்தார். "ம்" என்றார்.

எனக்கு அப்போதும் புத்தி வரவில்லை. "போன்ல வாசிச்சுக் காட்டுங்களேன், ஹேமா பாக்கட்டும்" என்றேன்.

துளசிராம் கிடாரை உறையில் போட்டு ஜிப்பை இழுத்தார். "வேணாம் மாஸ்டர். அது போறதுக்கு முன்னாடி வாசிக்கத்தான் படிச்சேன். போயிருச்சுல்ல" என்றார். படிக்கட்டில் திரும்பி நின்று, "வாரேன் மாஸ்டர்" என்றார். அதன் பிறகு அவர் வகுப்புக்கு வரவில்லை.

அதற்கப்புறம் நான் எத்தனையோ பேருக்கு எத்தனையோ விதமாகப் பாட்டை எளிதாக்கிக் கொடுத்திருக்கிறேன். கார்டை விட்டிருக்கிறேன், கம்பியை இறக்கியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும், மாற்றியிருக்கிறேன் என்று உட்கார வைத்துச் சொல்லிவிடுவேன். பலருக்கு அது காதில்கூட ஏறாது, சீக்கிரம் பாட்டைச் சொல்லுங்கள் என்பார்கள். நான் விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தேன். சொல்லிச் சொல்லியே களைத்துப்போனேன் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

நேற்று செல்வாவுக்குப் பட்டியலை அனுப்பினேன். மேலே ஒரு வரி எழுதியிருந்தேன்: எளிதாக்க எதை மாற்றினாலும், மாற்றியிருப்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அரை மணி நேரத்தில் கூப்பிட்டான்.

"அண்ணே, அந்த முதல் வரியை எடுத்துரவா? அதெல்லாம் சொன்னா வீடியோவைத் தள்ளிவிட்டுப் போயிருவாங்க."

"உன் இஷ்டம்டா."

"அப்புறம், பத்து கேட்டேன், ஒம்பதுதாண்ணே இருக்கு. அந்தத் தாலாட்டை விட்டுட்டீங்களே. மூணே கார்டு, சின்னப் பிள்ளை வாசிச்சிரும். அதைவிட ஈசியானது எது இருக்கு?"

கட்டைவிரல் மூட்டைத் தேய்த்துக்கொண்டேன்.

"அதை நீயே சேத்துக்க செல்வா" என்றேன். "எனக்கு அது இன்னும் வரல."